தமிழில் தட்டும்போது போன் ஏன் சொல்லை மாற்றிவிடுகிறது?

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் அம்மா வாட்ஸ்அப்பில் தட்டுவது ஒன்று, போய்ச் சேர்வது வேறொன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பக் குழுவில் பிழையோடு செய்தி போய்விட்டதென்று கூசிப்போய், இப்போது போனில் எழுதுவதையே விட்டுவிட்டார் என்கிறீர்கள். இது விரல் தடுமாற்றமா, போன் கோளாறா, சொல்லைத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டால் தீருமா என்பது உங்கள் கேள்வி. ஒரு தமிழாசிரியரைத் தமிழ் எழுதத் தயங்கவைக்கும் அளவுக்கு ஒரு கீபோர்டு போய்விட்டதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: அவர் விரலிலும் குறை இல்லை, அவர் தமிழிலும் குறை இல்லை. அடுத்த சொல்லை முன்கூட்டியே ஊகிக்கும் இந்த ஏற்பாடு, சொற்கள் அதிகம் உருமாறாத ஒரு மொழியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. தமிழ்ச் சொல்லின் இலக்கணம் அதன் வாலில் இருக்கிறது. ஊகிக்கும் கருவி தடுமாறுவதும் அந்த வாலில்தான்.

இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தட்டத் தட்ட கீபோர்டுக்கு மேலே ஒரு பட்டையில் இரண்டு மூன்று சொற்கள் வந்து நிற்கின்றனவே, அது பரிந்துரை. தொட்டால்தான் செய்தியில் ஏறும். தொடாவிட்டால் ஒரு கெடுதலும் இல்லை. மற்றது ஆட்டோ கரெக்ட். ஸ்பேஸ் தட்டிய நொடியில், நீங்கள் தட்டியதை எடுத்துவிட்டுத் தனக்குச் சரியென்று பட்டதை வைத்துவிடும். உங்களைக் கேட்காது. அம்மாவைக் கூசவைத்தது இந்த இரண்டாவதுதான்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகம், கேம்பிரிட்ஜ், சூரிக்கின் இ.டி.எச். பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து 37,000 பேர் போனில் தட்டுவதைப் பதிவுசெய்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொல் சொச்சம். ஆட்டோ கரெக்ட் வைத்திருந்தவர்கள் வேகமாகத் தட்டினார்கள். பட்டையில் வரும் சொல்லைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த ஆதாயம் கிடைக்கவில்லை. பட்டையைப் படித்து இதா அதா என்று முடிவெடுப்பதற்குள் சொல்லையே தட்டி முடித்துவிடலாம் அல்லவா? ஆனால் அவர்கள் தட்டியது ஆங்கில வாக்கியங்களை. தமிழுக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன்: ஆட்டோ கரெக்டை அணையுங்கள், பட்டையை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1990-களின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டெஜிக் என்ற நிறுவனம் டி9 என்ற முறையைக் கொண்டுவந்தது. உடல் இயக்கம் குன்றியவர்கள் மிகக் குறைந்த அசைவில் எழுத உதவும் கருவிகளில் உழைத்தவர்களின் யோசனை அது. பழைய பட்டன் போனில் ஒரு பட்டனுக்கு மூன்று நான்கு எழுத்து இருக்கும். டி9-இல் ஓர் எழுத்துக்கு ஒரே தட்டு. எந்தச் சொல் என்பதை உள்ளே இருக்கும் அகராதி பார்த்துக்கொள்ளும். 4663 என்று தட்டினால் ‘குட்’, ‘ஹோம்’, ‘கான்’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் பொருந்தும். அதிகம் புழங்குவது முதலில் வரும். எரிச்சல் அப்போதே தொடங்கிவிட்டது. ஆனாலும் அது ஓடியது. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்கு நான்கைந்து வடிவம்தான். ‘கோ’ என்றால் கோ, கோஸ், கோயிங், வென்ட், கான், முடிந்தது. சொற்களை எல்லாம் வரிசையாக அடுக்கினால், அந்தக் காலத்துச் சின்ன போனின் நினைவகத்திலும் அடங்கிவிடும்.

இனி நம் ‘போ’வைப் பாருங்கள். நிகழ்காலம் மட்டும்: போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறார்கள், போகிறது, போகின்றன. இதுவே பத்து. இறந்தகாலம், எதிர்காலம், எதிர்மறை, எச்சங்கள், போனவர், போகிறவர் போன்ற வினையாலணையும் பெயர்கள் என்று விரித்துக்கொண்டே போகலாம். அந்தப் பெயர் ஒவ்வொன்றும் வேற்றுமை உருபு ஏற்கும். உருபின் மேல் ‘உம்’, ‘தான்’, ‘ஆ’, ‘ஏ’ ஏறும். ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்தும்’ என்பது யாரும் வியக்காமல் படிக்கும் சாதாரணச் சொல். இதையெல்லாம் அகராதியில் ஒவ்வொன்றாக அடுக்க முடியாது. அடுக்கிய சொல்லை வைத்து ஊகிக்கும் கருவிக்கு, அடுக்கில் இல்லாதது எல்லாம் பிழை.

இன்றைய தொடுதிரை போன் டி9-ஐவிட நுட்பமானதுதான். அது இரண்டு கணக்குப் போடுகிறது. விரல் திரையில் எங்கே பட்டது, அதற்குப் பக்கத்தில் என்னென்ன எழுத்துகள் என்பது ஒன்று. இந்தச் சொல், இதற்கு முந்தைய சொல்லோடு சேர்ந்து, மக்கள் எழுத்தில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்து எது மேலே வருகிறதோ அதைப் போடும். பிழையைக் கண்டுபிடிக்கும் யோசனை இன்னும் பழையது. எழுத்துப்பிழைகளில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நான்கே வகைதான் என்று கணினி ஆய்வாளர் ஃபிரெட் டாமராவ் 1964-இல் காட்டினார்: ஓர் எழுத்து கூடியிருக்கும், ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும், ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது பக்கத்துப் பக்கத்து எழுத்து இரண்டு இடம் மாறியிருக்கும். ஆகவே தட்டிய சொல்லுக்கு ஓர் எழுத்துத் தொலைவில் நன்கு புழங்கும் சொல் ஒன்று இருந்தால், அதைத்தான் சொல்ல வந்தீர்கள் என்று கருவி முடிவுகட்டுகிறது.

இந்தக் கணக்கு தமிழில் ஆபத்தானது. வந்தான், வந்தாள், வந்தார். மூன்றுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். மூன்றும் சரியான சொல். மூன்றும் மூன்று வேறு ஆட்கள். ஆங்கிலத்தில் ஆட்டோ கரெக்ட் தவறினால் பெரும்பாலும் சம்பந்தமில்லாத ஒரு சொல் வந்து விழும். படிப்பவர் போனின் வேலை என்று புரிந்துகொண்டு சிரித்துவிடுவார். தமிழில் வந்து விழுவது பல நேரம் அதே சொல்லின் வேறு முகம். ‘பெரியப்பா வந்துவிட்டான்’ என்று செய்தி போனால், படிப்பவர் போனைக் குறைசொல்வாரா? எழுதியவர் மரியாதை தெரியாதவர் என்றுதான் நினைப்பார். ‘வாருங்கள்’ என்பது ‘வாருங்கள்’ ஆகவே போய்ச் சேர வேண்டும் என்பதில் நம் ஊரில் எத்தனை உறவு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். தமிழ்ப் பயனாளர்களின் குறைகளில் முதலில் கவனிக்கப்பட வேண்டியது இது என்று நான் நினைக்கிறேன். ஆனால் எழுத்துப்பிழை எண்ணும் எந்தக் கணக்கிலும் இது பிழையாகவே பதிவாகாது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அது ஒத்துப்போக வேண்டிய எழுவாய் தொடக்கத்தில் இருக்கிறது. ‘பெரியப்பா நேற்று ராத்திரியே மதுரையிலிருந்து பஸ் பிடித்து’ என்பது வரை தட்டியாயிற்று. முந்தைய ஒன்றிரண்டு சொல்லை மட்டும் பார்க்கிற கருவிக்கு ‘பஸ் பிடித்து’தான் தெரியும், பெரியப்பாவைத் தெரியாது. வாக்கியம் முழுவதையும் கருத்தில் கொள்ளும் டிரான்ஸ்பார்மர் வகை மொழி மாதிரிகள் கீபோர்டுக்குள் வரத் தொடங்கிவிட்டன. ஆப்பிள் 2023-இல் ஐபோனுக்கான ஐஓஎஸ் 17-இல் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த முதல் வரிசையில் தமிழ் இல்லை. இந்த முன்னேற்றம் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் அதிகம் தேவை.

பட்டையில் வரும் சொல்லைத் தொட்டாலும் நிம்மதி கிடைப்பதில்லை என்று அம்மா சொல்லியிருப்பார். தொட்டவுடன் சொல்லுக்குப் பின்னால் கருவியே ஓர் இடைவெளி விட்டுவிடும். ஆங்கிலத்துக்கு அது உதவி. நமக்கோ, ‘வீட்டில்’ என்று தொட்டபின் ‘வீட்டிலிருந்து’ என்று நீட்ட வேண்டியிருக்கும். இடைவெளியை அழிக்க வேண்டும், ல்-மேல் இருக்கும் புள்ளியை அழிக்க வேண்டும், பிறகு இகரம் சேர்க்க வேண்டும், அப்புறம் மீதியைத் தட்ட வேண்டும். ‘மரம்’ என்று தொட்டுவிட்டு ‘மரத்தை’ வேண்டுமென்றால் கடைசி எழுத்தையே எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். இரண்டு தட்டு மிச்சமாகும் என்று தொட்டவருக்கு நான்கு தட்டு கூடுதல் செலவு.

ஒற்று விஷயம் இன்னும் சிக்கல். தமிழாசிரியரை இது தூங்கவிடாது. ‘வீட்டுக்கு’ என்று பட்டையில் வருகிறது. அடுத்த சொல் ‘வந்தேன்’ என்றால் அது சரி. ‘போனேன்’ என்றால் ‘வீட்டுக்குப்’ என்று இருக்க வேண்டும். ஒரு சொல்லின் கடைசி எழுத்தை அடுத்த சொல்லின் முதல் எழுத்து தீர்மானிக்கிற மொழி நம்முடையது. அந்த அடுத்த சொல் இன்னும் எழுதுபவர் மனத்தில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, கருவி கற்றுக்கொள்வது இணையத்தில் கொட்டிக்கிடக்கும் எழுத்திலிருந்து. அங்கே பெரும்பாலானோர் ஒற்றைப் போடுவதில்லை. அதனால் ஒற்று இல்லாத வடிவம்தான் அதிகம் புழங்குவது என்று அதன் கணக்கு சொல்கிறது. அம்மா கவனமாகப் போட்ட ‘ப்’ அதற்கு விரல் தவறிப் பட்டதாகத் தோன்றுகிறது. ‘பண்ணுவேன்’ என்பதைப் ‘பன்னுவேன்’ என்று பலர் எழுதினால் அதுவும் ஒரு நாள் பரிந்துரையாக வந்து நிற்கும். பெரும்பான்மை எழுதுவதைத்தான் கருவி அறியும். எது சரி என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

பேச்சுத் தமிழுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் யாரும் ‘வந்துவிட்டேன்’ என்று எழுதுவதில்லை, ‘வந்துட்டேன்’தான். கருவியின் பயிற்சிக்குத் தாராளமாகக் கிடைப்பதோ செய்தித் தளங்களும் விக்கிப்பீடியாவும். அங்கே ‘தெரிவித்துள்ளார்’ இருக்கும், ‘குறிப்பிடத்தக்கது’ இருக்கும். ‘சாப்ட்டியா கண்ணு’ இருக்காது. பேச்சு வடிவத்துக்கு ஒரே எழுத்துமுறையும் இல்லை. வர்றேன், வரேன், வாரேன், வர்ரேன் என்று ஆளுக்கு ஒன்று எழுதுகிறோம். யாழ்ப்பாணத்துக்காரர் ‘வாறன்’, ‘கதைக்கிறன்’ என்று எழுதினால் அது அவர் ஊரின் முழுமையான, ஒழுங்கான வடிவம். கீபோர்டுக்கோ அது பிழை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பேரப்பிள்ளைகளோடு எழுதிக்கொள்ளும் ஈழத்துப் பெரியவர்கள் தங்கள் பேச்சைத் தவறென்று காட்டும் திரையைத் தினமும் பார்க்கிறார்கள். இது எரிச்சலோடு முடிகிற விஷயமில்லை.

அம்மா எந்தக் கீபோர்டில் தட்டுகிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்ளும் வகையாக இருந்தால், தொல்லையில் பாதி அங்கிருந்து வருகிறது. பி, ஏ, எல், ஏ, எம் என்று ஐந்து எழுத்தைத் தட்டினால் பலம், பழம், பாலம் மூன்றும் பொருந்தும். மனமும் மணமும் மானமும் ஒரே தட்டலில் அடக்கம். கலை, களை, காலை, காளையும் அப்படியே. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் அடங்கிவிடும் ந, ன, ண மூன்றையும், ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் பொறுப்பைக் கருவியின் ஊகத்திடம் ஒப்படைத்துவிடுகிறோம். எது எந்த ழகரம் என்று ஐயமின்றித் தெரிந்த ஒருவர், அது தெரியாத ஒன்றிடம் முடிவை விட்டுக்கொடுக்கிறார். ஆங்கிலக் கீபோர்டிலேயே தங்கிலீஷில் தட்டினால் இன்னும் மோசம்: ‘சரி’யும் ‘இல்ல’வும் ‘வாங்க’வும் அதற்கு ஆங்கிலச் சொற்களின் பிழை வடிவங்கள். பெயர்கள் படும் பாடு தனி. பிரிட்டனில் இதற்காகவே 2024-இல் ‘நான் எழுத்துப்பிழை அல்ல’ என்ற பொருளில் ஒரு பிரச்சாரம் தொடங்கினார்கள். அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்களில் பத்துக்கு நான்கைக் கணினியின் ஆங்கில அகராதி தவறென்று காட்டுகிறது என்பது அவர்கள் முறையீடு. நம் பிள்ளைகளின் பெயர்களும் அதில் அடக்கம்தான்.

சரி, என்ன செய்வது?

முதல் வேலை, போனின் அமைப்புகளில் கீபோர்டு பகுதிக்குப் போய் ஆட்டோ கரெக்டை அணைப்பது. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு என்றால் திருத்தம் என்ற பொருளில் பெயரிட்டிருக்கும் பகுதிக்குள் அது இருக்கும். ஐபோனில் ‘ஜெனரல்’ என்பதற்குள் ‘கீபோர்டு’. இரண்டிலும் பரிந்துரைப் பட்டைக்குத் தனிச் சுவிட்ச் உண்டு. அதைத் தொட வேண்டாம். நேரடியாகத் தமிழ் எழுத்தில் தட்டுபவராக இருந்தால், இந்த ஒரு மாற்றத்திலேயே அம்மா தட்டாத எதுவும் அவர் பெயரில் போகாது. விரல் தவறினால் பிழை வரத்தான் செய்யும். ஆனால் அது விரல் பிழை என்று படிப்பவருக்கே தெரியும், மரியாதை மாறாது. எனக்கு இது பெரிய வித்தியாசம்.

இரண்டாவது, தமிழ் 99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ந, ன, ண ஒவ்வொன்றுக்கும் தனி விசை. ல, ள, ழ-வுக்கும் அப்படியே. எந்த எழுத்து என்ற ஊகத்துக்கே அங்கே வேலை இல்லை. இலக்கணம் தெரிந்து அமைத்தது என்பது தட்டும்போது புரியும்: க-வை இரண்டு முறை தட்டினால் ‘க்க’ ஆகிவிடும், ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தால் ‘ந்த’ ஆகிவிடும், புள்ளியைத் தேட வேண்டியதில்லை. ‘வந்தான்’ என்பதற்கு வ, ந, த, ஆ, ன, புள்ளி என்று ஆறே தட்டு. இளைஞர்கள் ஆங்கில எழுத்து பழகிய கையோடு இதைத் தவிர்க்கிறார்கள். ஒரு தமிழாசிரியருக்கு இது சில நாள் பழக்கத்தில் கைவந்துவிடும் என்று நம்புகிறேன், ஏனென்றால் மெய்யின் மேல் உயிர் ஏறி உயிர்மெய் ஆகும் என்று அவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே வழியில்தான் இதில் எழுத்து உருவாகிறது. ஐபோனில் 2013 முதல் இது உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தில் கிடைக்கும். தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதற்கென்று 2005-இலேயே வந்த செயலி அது.

மூன்றாவது, கருவிக்கு அம்மாவின் தமிழைக் கற்றுக்கொடுப்பது. ஆண்ட்ராய்டில் கீபோர்டு அமைப்பில் தனி அகராதி என்று ஒன்று உண்டு. அதில் வீட்டுப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், அவர் அடிக்கடி எழுதும் சொற்களைச் சேருங்கள். தமிழுக்கு ஒன்றைக் கவனியுங்கள்: பெயரை மட்டும் சேர்த்தால் போதாது, பேத்தி பெயர் கயல்விழி என்றால் கயல்விழிக்கு, கயல்விழியை, கயல்விழியோட என்று உருபேற்ற வடிவங்களையும் சேர்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், நீங்கள் உட்கார்ந்து செய்துகொடுங்கள். தவறான சொல் ஒன்று திரும்பத் திரும்பப் பட்டையில் வந்தால், ஜிபோர்டில் அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துவிடலாம். முன்பு எப்போதோ அவசரத்தில் தட்டிய பிழையைக் கருவி அவருடைய சொல்லென்றே நினைவில் வைத்திருக்கலாம். அதையும் இப்படித்தான் நீக்க வேண்டும். ஐபோனில் ஒவ்வொன்றாக நீக்குவதைவிட, கற்றதை எல்லாம் மறக்கச்செய்து புதிதாகத் தொடங்குவது எளிது; ‘ரீசெட்’ பகுதியில் அதற்கு வழி இருக்கிறது.

பட்டையைக்கூட எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ‘வந்துட்டேன்’, ‘சாப்பிட்டாச்சு’ போன்ற அன்றாடச் செய்திக்கு அது உதவி. அம்மா கடிதம் போல நீளமாக எழுத உட்கார்ந்தால் அதையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2020-இல் வெளிவந்த ஆய்வொன்றில், பரிந்துரையைக் காட்டிப் படங்களுக்கு விவரணை எழுதச் சொன்னபோது விவரணைகள் சுருங்கின. கருவியால் ஊகிக்க முடியாத சொற்கள் குறைந்தன. எல்லோரும் எழுதுவதையே கண்ணெதிரே நீட்டிக்கொண்டிருந்தால், நமக்கென்று இருந்த சொல் வாய்க்கு வராமல் போய்விடுகிறது. முப்பது நாற்பது வயதுக்காரர்களிடம் இல்லாத சொல்வளம் உங்கள் அம்மாவிடம் இருக்கும். அந்தச் சொற்கள் எந்தப் பட்டையிலும் வராது.

குரலில் சொல்லி எழுதவைக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் அங்கேயும் ஒற்றும் ண-ன வேறுபாடும் கருவியின் ஊகம்தான். அனுப்பும் முன் ஒரு முறை படித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

புதுப் போன் வாங்கும்போது தனி அகராதியில் சேர்த்த சொற்கள் அதற்கு வந்துசேர்ந்தனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் போனில் ஆட்டோ கரெக்ட் மறுபடியும் தானாகவே போட்டிருக்க வாய்ப்பு அதிகம்; அம்மா கையில் கொடுக்கும் முன் அணைத்துவிட்டுக் கொடுங்கள்.